தூதன் எந்தக் காலில் நின்றான்?

அந்தக் காலத்து வன்னியில் ஒருவரைப் பாம்பு கடித்தால் முதலில் சோதிக்கப்படுபவர் கடிபட்டவர் அல்ல. கடிபட்ட செய்தியைச் சொல்ல ஓடி வந்தவர். கடிபட்டவர் எங்கோ வயல் வரம்பில் கிடப்பார். பரியாரியாரோ தன் முற்றத்தில் மூச்சிரைக்க நிற்கிற தூதனை மேலும் கீழும் பார்ப்பார். எந்தத் திசை பார்த்து நிற்கிறான்? இடக்காலை ஊன்றியா, வலக்காலை ஊன்றியா? மூச்சு எந்த நாசியால் ஓடுகிறது? வாயைத் திறந்து சொன்ன முதல் வார்த்தையில் எத்தனை எழுத்து? தலையைச் சொறிந்தானா? கையில் கயிறு இருந்ததா? ஈர வேட்டியோடு வந்தானா? இவ்வளவுக்கும் விஷகடி ஏடுகளில் இலக்கணம் உண்டு.

"ஐயா, எங்கட மாமாவைப் பாம்பு..."

"பொறு. ஏன் தெற்கைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்?"

"நான் தெற்கைப் பாக்கேல்லை ஐயா, உங்களைப் பாக்கிறன்."

"நான் தெற்குப் பக்கம்தானே இருக்கிறன்."

"அப்ப நீங்கள் கொஞ்சம் மற்றப் பக்கம் இருங்கோவன்."

இந்த உரையாடல் என் கற்பனை. ஆனால் அந்த விதிகள் என் கற்பனை அல்ல. அவற்றை எழுதி வைத்தவரை லேசாக எடைபோடவும் கூடாது. அவர் மகா கெட்டிக்காரர். தூது பிழைத்தால் பரியாரியார் எழும்பிப் போகத் தேவையில்லை. "இது மிஞ்சாது, போ" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் தொடரலாம். கடிபட்டவர் செத்தால் பரியாரியாரின் வாக்குப் பலித்தது. பிழைத்தால் குலதெய்வம் காப்பாற்றியது. எப்படியும் பரியாரியாரின் கணக்குப் புத்தகத்தில் ஒரு சாவும் ஏறாது. கண்டிப்பாகச் சாகக்கூடியவர்களை முதலிலேயே கழித்துவிட்டு மிச்சப்பேருக்கு மருந்து கொடுத்து, மருந்து அற்புதமாக வேலை செய்கிறது என்று சொல்லும் வித்தையை இன்றைக்கும் பெரிய பெரிய மருந்துக் கம்பனிகள் மினக்கெட்டுச் செய்கின்றன. எங்கள் ஆட்கள் அதை ஒரு மூக்குத் துவாரத்தை வைத்துச் செய்து முடித்தார்கள்.

ஒன்று மட்டும் அவர்கள் பக்கம் சொல்ல வேண்டும். விஷகடிக்குக் காசு வாங்கக்கூடாது என்பது மரபு. சோற்றில் கை வைத்திருந்தாலும் எழும்பிப் போக வேண்டும் என்பதும் மரபு. இன்றைய தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு இந்த இரண்டு விதிகளையும் ஏட்டில் எழுதிக் கொடுத்தால் அடுத்த நாளே கதவை மூடிவிடுவார்கள்.

ஏன் இந்த வைத்தியம் இத்தனை நூற்றாண்டு நின்று பிடித்தது? சனம் முட்டாள் என்பதாலா? இல்லை. பாம்பு கருணை உள்ளது என்பதால். 2012, 2013ஆம் ஆண்டுகளில் இலங்கையின் ஒன்பது மாகாணங்களிலும் வீடு வீடாகப் போய் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். 44,136 வீடுகள், 165,665 பேர். "போன பன்னிரண்டு மாதத்துக்குள் உங்கள் வீட்டில் ஆரையும் பாம்பு கடிச்சதோ?" என்பதுதான் கேள்வி. அதை வைத்து நாடு முழுவதற்கும் போட்ட மதிப்பீடு: வருடத்துக்கு 80,514 பேரைப் பாம்பு கடிக்கிறது. அவர்களில் உடம்பில் விஷம் ஏறுவது 30,543 பேருக்கு. சாவது 464 பேர்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நாளைக்கே நான் மாங்குளம் சந்தியில் 'பிளேன்ரீ விஷகடி வைத்தியசாலை' என்று ஒரு போர்ட் போடலாம். வருகிற நூறு பேருக்கும் சீனி போட்டு ஒரு பிளேன்ரீ. அதில் அறுபத்திரண்டு பேருக்கு விஷமே ஏறியிருக்காது. சாரைப்பாம்பு கடித்திருக்கும், தண்ணீர்ப்பாம்பு கடித்திருக்கும், அல்லது விஷப்பாம்பே கடித்தும் விஷத்தை வீணாக்காமல் போயிருக்கும். அந்த அறுபத்திரண்டு பேரும் ஊர் ஊராகப் போய் என் தேயிலையின் புகழைப் பாடுவார்கள். மிச்சப் பேரிலும் கனபேர் தாமாகத் தப்புவார்கள். செத்தவர்கள் வந்து முறைப்பாடு சொல்லப் போவதில்லை. (464 என்ற அந்தச் சிறிய எண்ணுக்கு நடுவில் ஆஸ்பத்திரி என்று ஒன்று நிற்கிறது, அதை எடுத்துவிட்டால் எண் இப்படிச் சிறிதாக இருக்காது என்பது வேறு கதை. போர்டில் அதை எழுத மாட்டேன்.)

ஆக, ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க 'கொடுத்தோம், பிழைத்தார்' என்பது போதாது. கொடுக்காமல் விட்டவர் என்ன ஆனார் என்றும் பார்க்க வேண்டும். சொல்லச் சின்ன விஷயம். இதைக் கண்டுபிடிக்க மனிதகுலம் எடுத்த காலமும், அதற்கிடையில் அது கடிபட்டவர்களுக்குப் பருக்கிய சாமான்களும்தான் மீதிக் கதை.

முதலில் மாத்திரை. பற்றிக் ரசல் என்றொரு ஸ்கொட்லாந்து டொக்டர். அலெப்போவில் பிளேக் நோயோடு மல்லுக்கட்டிவிட்டு, 1780களில் விசாகப்பட்டினம் வந்து, கிழக்கிந்தியக் கம்பனிக்கு இயற்கை ஆராய்ச்சியாளராக உட்கார்ந்தார். அந்தக் காலத்தில் சென்னைப் பக்கத்து வெள்ளைக்காரர்களிடையே பாம்புக்கடிக்குத் தஞ்சாவூர் மாத்திரைக்குப் பெரிய மவுசு. அதன் கூட்டு இரகசியமாக இருந்து பிறகு வெளியே வந்தது. வெள்ளைப் பாஷாணம், பாதரசம், நேர்வாளம், மிளகு என்று போகிறது பட்டியல். இதில் பயப்படாமல் சாப்பிடக்கூடியது மிளகு ஒன்றுதான். பாம்பு கொடுத்த விஷம் காணாதென்று மேற்கொண்டு ஆர்சனிக்கும் கொடுத்து, பேதி மருந்தும் கொடுத்தார்கள். அதையும் தாங்கி எழும்பினவன் எதையும் தாங்குவான்.

ரசலுக்குக் கைகட்டிக்கொண்டு பார்த்திருக்க முடியவில்லை. கோழிகளையும் நாய்களையும் பிடித்துவந்து பாம்பைக் கொண்டு கடிப்பித்து, மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். சொல்லும்படியாகப் பலன் ஒன்றும் தெரியவில்லை. 1796இல் சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றிப் படங்களோடு மிகப் பெரிய புத்தகம் ஒன்றை வெளியிட்டார். அவருக்குக் கைம்மாறாக விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? இந்தப் பக்கத்தில் ஆட்களை அதிகம் கொல்லுகிற பாம்புகளில் ஒன்றான கண்ணாடி விரியனுக்கு, எங்கள் சனத்தின் வாயில் புடையனுக்கு, ரசலின் பெயரை வைத்தார்கள். மருந்து தேடிப் புறப்பட்ட மனிதர், கடைசியில் நோயின் தலைமாட்டு அட்டையில் பெயராக ஏறினார்.

1803இல் வன்னிச் சிற்றரசன் பண்டார வன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையிலிருந்து வெள்ளைக்காரரைத் துரத்தினான். சில மாதத்தில் அவர்கள் திரும்பி வந்து அவனைத் தோற்கடித்தார்கள். பீரங்கியில் அவர்கள் மேல். புடையன் விஷயத்தில் மட்டும் இரண்டு பக்கமும் சரிசமம். யாரிடமும் ஒன்றும் இல்லை.

அடுத்தது விஷக்கல். கடிவாயில் வைத்தால் ஒட்டிக்கொண்டு விஷத்தை உறிஞ்சி, வேலை முடிந்ததும் தானாக விழும் என்று புகழ்பெற்ற கறுப்புக் கல். 1816 முதல் 1820 வரை இலங்கையில் படை வைத்தியராக இருந்த ஜோன் டேவி இந்தக் கற்களைச் சோதித்தார். ஒன்று அரைகுறையாகச் சுட்ட எலும்பு. இன்னொன்று சுண்ணாம்பு. பிறகு கொழும்பில் அரசாங்கச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட தன் இலங்கைப் புத்தகத்தில் ஒரு சம்பவத்தை எழுதுகிறார். 1854 மார்ச்சில் பிந்தன்னைக் காட்டுப் பாதையில் அவருடைய நண்பர் சில அதிகாரிகளோடு குதிரையில் போகிறார். எதிரே வந்த இரண்டு தமிழரில் ஒருவர் திடீரென்று காட்டுக்குள் பாய்ந்து ஒரு நாகபாம்பைக் கையோடு பிடித்துக்கொண்டு வருகிறார். கூடைக்குள் விடும்போது அது விரலில் கடித்துவிட்டது. இரத்தம் வழிகிறது, ஆள் வலியில் துடிக்கிறார். கூட வந்தவர் மடியிலிருந்து பாதாம்பருப்பு அளவில் இரண்டு கறுப்புக் கல்லை எடுத்து ஒட்டுகிறார். சில நிமிடத்தில் கல் விழுந்துவிட்டது, வலியும் குறைந்துவிட்டது. கடிபட்டவர் விரல்களைச் சொடக்கிவிட்டு நடையைக் கட்டினார்.

குதிரையில் இருந்த துரைமார் வாயைப் பிளந்தார்கள். அந்த நாகம் விஷத்தை இறக்கியதா என்று ஒருவரும் கேட்கவில்லை. கல் ஒட்டாமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்றும் கேட்கவில்லை. ஆனால் டெனன்டுக்கு ஒரு புத்தி வந்தது. அந்தக் கல்லை இலண்டனில் மைக்கேல் பரடேக்கு அனுப்பிவைத்தார். ஆம், மின்சாரத்துக்குப் பேர்போன அதே பரடே. டைனமோவுக்கு வழி காட்டிய மனிதரின் மேசையில் ஒரு நாள் எங்கள் பக்கத்து விஷக்கல் கிடந்தது. அவர் அதை அமுக்கிப் பார்த்தார், சுட்டுப் பார்த்தார், சாம்பலைப் பார்த்தார். முடிவு: எலும்பு. பல தடவை இரத்தத்தில் தோய்த்துத் திரும்பத் திரும்பக் கரியாக்கிய எலும்பாக இருக்கலாம் என்று எழுதியனுப்பினார். எலும்பில் நுண்துளைகள் இருக்கும், ஈரமான காயத்தில் ஒட்டும், ஈரம் நிறைந்ததும் விழும். அவ்வளவுதான் அற்புதம். பரடே சொல்லிவிட்டாரே என்று வன்னியில் யாரும் கல்லை எறியவில்லை. பரடே யாரென்று யாருக்குத் தெரியும்? பரியாரியாரைத்தான் எல்லாருக்கும் தெரியும்.

பிறகு வெள்ளைக்கார வைத்தியத்தின் முறை. அமோனியா ஏற்றினார்கள். பிராந்தி பருக்கினார்கள். இதில் கடிபட்டவர்களிடமிருந்து பெரிய எதிர்ப்பு வந்ததாகத் தெரியவில்லை. கல்கத்தாவில் ஜோசப் பெய்ரர் எத்தனையோ நாயையும் கோழியையும் பலி கொடுத்து, தெரிந்த மருந்தையெல்லாம் சோதித்து, எதுவும் உதவாது என்று 1872இல் பென்னாம்பெரிய புத்தகமாகவே போட்டார். அதே பெய்ரர் 1904இல் லோடர் பிரன்டனோடும் லெனர்ட் ரொஜர்ஸோடும் சேர்ந்து ஒரு புது உபாயத்துக்குக் கையொப்பம் வைத்தார். ஒரு சின்ன மரப்பிடி, அதன் ஒரு முனையில் குட்டிக் கத்தி, மற்ற முனைக் குழிக்குள் பொட்டாசியம் பெர்மாங்கனேட் தூள். எங்கள் வீடுகளில் கிணற்றுக்குப் போடுகிற கொண்டிஸ்தான். கடிவாயைக் கீறு, தூளைத் தேய். கண்ணாடிக் குழாய்க்குள் விஷத்தோடு கொண்டிஸைக் கலந்தால் விஷம் முறிவது உண்மை. மனிதன் கண்ணாடிக் குழாய் இல்லையே. சதைக்குள் போன கொண்டிஸ் விஷத்தைத் தேடிப் போவதில்லை, முதலில் எதிர்ப்பட்ட சதையைத்தான் எரிக்கும். இந்தக் கத்தி இந்தியா முழுவதும் பரவியது. கைகால் அழுகியது பாம்பாலா, வைத்தியத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலைக்கு விஞ்ஞானம் முன்னேறியது.

இதற்குள் பிரான்ஸ்காரர் அல்பேர் கல்மெத் விஷயத்தைச் சரியான இடத்தில் பிடித்துவிட்டார். சைகோனில் இருந்தபோது வெள்ளத்தோடு ஊருக்குள் வந்த நாகங்கள் சனத்தைக் கடித்ததைக் கண்டவர். மிருகத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஏற்றி, அதன் இரத்தத்தில் ஊறும் எதிர்ப்பை எடுத்து மருந்தாக்கலாம் என்று 1894இல் காட்டினார். பெரிய கண்டுபிடிப்பு. மனிதர் அத்தோடு நிற்கவில்லை. நாகத்துக்குச் செய்த மருந்து எல்லாப் பாம்புக்கும் கேட்கும் என்றார். கேட்காது என்று அவுஸ்திரேலியாவில் சார்ள்ஸ் மார்ட்டின் சோதித்துக் காட்ட வேண்டியிருந்தது. மேதைக்கும் பரியாரியாருக்கும் இதில் ஒரே வியாதி: ஒன்று பலித்ததும் உலகமே பலித்தது போலத் தோன்றுவது.

இப்போது கிளிநொச்சி ஆஸ்பத்திரியிலோ முல்லைத்தீவு மாஞ்சோலை ஆஸ்பத்திரியிலோ புடையன் கடித்து வருகிறவருக்கு ஏற்றுகிற விஷமுறிவு மருந்து இந்தியாவில் இருந்து வருவது. அதற்குரிய விஷம் கனகாலமாகப் பெரும்பாலும் வந்தது சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கிற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து. பாம்புத் தோல் வியாபாரம் தடைப்பட்டுப் பிழைப்பு இழந்த இருளர்களை வைத்து 1978இல் தொடங்கிய சங்கம். நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கையும் பிடித்துப் பானைக்குள் வைத்து, விஷத்தைக் கறந்துவிட்டுத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷம் குதிரைக்குப் போய், குதிரையின் இரத்தத்திலிருந்து குப்பிக்கு வந்து, கடல் கடந்து வன்னி விவசாயியின் நரம்புக்குள் போகிறது. செங்கல்பட்டுப் பாம்பு, இரணைமடு வயலில் கடித்த தன் சொந்தக்காரனுக்காக மன்னிப்புக் கேட்கிற ஏற்பாடு இது. சொந்தக்காரர்களுக்குள்ளும் கொஞ்சம் வித்தியாசம் இருப்பதால் எங்கள் பாம்புக்கு அந்த மருந்து பத்து, இருபது குப்பி என்று போகும்.

அதுவும் எப்போதும் கிடைத்ததல்ல. போர் நடந்த 1990களில் வன்னிக்குள் சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் பற்றரியுமே தடை. மருந்து அளந்து அளந்து வந்தது. மின்சாரம் இல்லாத ஊரில் செயற்கைச் சுவாச இயந்திரத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? நோயாளியை வவுனியாவுக்கு ஏற்றினால் நடுவில் சோதனைச் சாவடி. 2009இன் முதல் மாதங்களில் வன்னி ஆஸ்பத்திரிகளுக்கு நடந்ததை இந்தக் கட்டுரைக்குள் கொண்டுவர மாட்டேன். அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

மருந்துக்கே வருவோம். குதிரையின் புரதம் மனித உடம்புக்குள் போனால் உடம்பு சும்மா இருக்குமா? சேலைன் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தடிப்பு, அரிப்பு, நடுக்கம், வாந்தி. சிலருக்கு மூச்சு அடைக்கும், இரத்த அழுத்தம் விழும். பாம்பிடமிருந்து தப்பியவரைக் குதிரையிடமிருந்து காப்பாற்ற வேண்டிய நிலை. இதைத் தடுக்க டொக்டர்மார் முன்கூட்டியே ஒரு ஊசி போட்டார்கள்: ஹைட்ரோகோர்ட்டிசோன். கூடவே பிரோமெதசினும். ஏன் போட்டார்கள்? பெரிய டொக்டர் போட்டார். அவர் ஏன் போட்டார்? அவருடைய பெரிய டொக்டர் போட்டார். ஏடு மட்டும்தான் இல்லை, மற்றபடி பரம்பரை வைத்தியத்துக்குரிய எல்லா இலட்சணமும் பொருந்தியிருந்தது. ஹைட்ரோகோர்ட்டிசோன் வேலை தொடங்கவே மணிக்கணக்காகும். குதிரையோ பெரும்பாலும் முதல் மணித்தியாலத்துக்குள் உதைத்துவிடும். அதை யாரும் யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. யோசித்தாலும் கை கேட்கவில்லை.

அட்ரீனலின் என்று ஒன்று பக்கத்திலேயே இருந்தது. அதை முன்கூட்டியே போடப் பயம். புடையன் கடித்தவரின் இரத்தம் உறையாது. அட்ரீனலின் இரத்த அழுத்தத்தை ஏற்றி மூளைக்குள் கசிந்துவிட்டால்? நியாயமான பயம். 1999இல் இலங்கை டொக்டர்மார் சிலர் 105 பேரை வைத்துச் சோதித்தார்கள். தோலுக்குக் கீழே கால் மில்லிலீற்றர் அட்ரீனலின். ஏமாற்று ஊசி போட்ட 49 பேரில் 21 பேருக்கு உடனடி ஒவ்வாமை. அட்ரீனலின் போட்ட 56 பேரில் 6 பேருக்கு மட்டும். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வந்தது. பலரும் வாசித்தார்கள், தலையாட்டினார்கள், வாட்டுக்குப் போய் ஹைட்ரோகோர்ட்டிசோனைப் போட்டார்கள். 105 பேர் காணாதாம்.

சரி, எத்தனை பேர் காணும்? 2005 மார்ச்சில் களனிப் பல்கலைக்கழகத்து அசித்த டி சில்வா, பத்மேஸ்வரன் முதலானோர் தொடங்கினார்கள். மூன்று ஆஸ்பத்திரிகள், மூன்று வருடம், 1,007 பேர். விளையாட்டின் அழகு அதன் விதியில். மருந்து மூன்று: அட்ரீனலின், பிரோமெதசின், ஹைட்ரோகோர்ட்டிசோன். ஒவ்வொன்றும் உண்மையாகவும் இருக்கலாம், வெறும் தண்ணீராகவும் இருக்கலாம். ஆக எட்டு விதச் சேர்க்கை. வருகிற நோயாளிக்கு எட்டில் எது என்பதை விதிதான் தீர்மானிக்கும். குப்பிக்குள் இருப்பது என்ன என்று நோயாளிக்கும் தெரியாது, போடுகிற டொக்டருக்கும் தெரியாது, பக்கத்தில் நிற்கிற மிஸ்ஸிக்கும் தெரியாது. யோசித்துப் பாருங்கள்: சாகக் கிடக்கிற ஆளின் தலைமாட்டில் நின்று, "அம்மா, நாங்கள் இப்ப போடப்போறது மருந்தோ தண்ணியோ எண்டு எங்களுக்கும் தெரியாது, சம்மதமோ?" என்று கேட்டு, அதற்கு ஓமென்று சொல்ல ஆயிரத்தேழு பேர் கிடைத்திருக்கிறார்கள். ரசலின் கோழிகளிடம் யாரும் இப்படிக் கேட்கவில்லை. அரிவாளோடு வயலில் இறங்குகிற சனம்தான் இந்தக் கேள்விக்குக் கையொப்பமோ கைநாட்டோ வைத்தது.

2011இல் பெட்டியைத் திறந்தார்கள். ஆயிரத்தேழு பேரில் 752 பேருக்கு ஏதோவொரு ஒவ்வாமை. அட்ரீனலின் கடும் ஒவ்வாமையை முதல் மணித்தியாலத்தில் 43 வீதத்தாலும் இரண்டு நாள் கணக்கில் 38 வீதத்தாலும் குறைத்திருந்தது. பிரோமெதசின்: ஒன்றுமில்லை. ஹைட்ரோகோர்ட்டிசோன்: ஒன்றுமில்லை. அத்தோடு விட்டாலும் மரியாதை மிஞ்சியிருக்கும். அட்ரீனலினோடு ஹைட்ரோகோர்ட்டிசோனையும் சேர்த்துப் போட்டவர்களுக்கு அட்ரீனலினால் கிடைத்த நன்மையும் போய்விட்டது! 'போட்டு வைப்பம், கெடுதல் என்ன வரப்போகுது' என்று தலைமுறை தலைமுறையாகப் போட்ட ஊசி, வேலை செய்கிற ஒரே ஊசியின் காலை வாரிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் பரியாரியார் எங்கேயோ ஒரு மூலையில் இருந்து வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்திருப்பார். என் விஷக்கல்லாவது பக்கத்தில் வைத்த பத்தைக் கெடுக்கவில்லை என்று சொல்லியிருப்பார். நியாயமான பேச்சுத்தான். ஆனால் ஒரு வித்தியாசம்: இவர்கள் தங்கள் கல்லைத் தாங்களே உடைத்துப் பார்த்து, உள்ளே எலும்புதான் என்று தாங்களே அச்சில் போட்டார்கள். பரடே வரையும் போகத் தேவைப்படவில்லை.

பிறகு எல்லா வாட்டிலும் ஹைட்ரோகோர்ட்டிசோன் நின்றுவிட்டதா என்று கேட்காதீர்கள். வழிகாட்டிப் புத்தகம் மாறிவிட்டது. கை மாற நாள் எடுக்கும். இரவு இரண்டு மணிக்கு உறவுக்காரர் பதினைந்து பேர் கட்டிலைச் சுற்றி நிற்கும்போது, "ஒரு ஊசியும் போடேல்லையோ டொக்டர்?" என்ற கேள்வி 1,007 நோயாளிகளைவிடப் பாரமானது.

ஊசியைவிடக் கஷ்டம் போத்திலில் இருக்கிறது. புடையன் விஷம் இரத்தத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஆய்வுகூடம் இல்லாத ஆஸ்பத்திரியிலும் செய்யக்கூடிய சோதனை: நோயாளியின் இரத்தத்தில் ஒரு மில்லிலீற்றரை ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் இருபது நிமிடம் வைத்து, பிறகு ஒருதரம் சரித்துப் பார்ப்பது. கட்டியாகி நின்றால் நல்லது. தண்ணீர் போல ஓடினால் விஷம். இதைவிடச் சுலபமான சோதனை உலகத்தில் இல்லை என்று நினைத்தார்கள். இலங்கையில் 140 புடையன் கடிகளை வைத்துப் பார்த்து 2013இல் சொன்னார்கள்: வாட்டில் நடக்கிறபடி நடந்தால், இரத்தம் உண்மையில் கெட்டுப்போன பத்துப் பேரில் நாலு பேரைத்தான் இது பிடிக்கிறது. பிழை மறுபக்கமும் வரும். கையில் அகப்பட்ட போத்தில். அது பிளாஸ்டிக்காக இருந்தால் நல்ல இரத்தமும் ஒழுங்காக உறையாது. கண்ணாடியைச் சவர்க்காரம் போட்டு மினுக்கி வைத்தாலும் அதே கதை. ஐந்தாம் நிமிடத்தில் ஒரு ஆள் வந்து ஆட்டிப் பார்ப்பார். ஒன்பதாம் நிமிடத்தில் இன்னொருவர் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பார். இருபதாம் நிமிடத்தில் போத்தில் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். பிறகு அனுராதபுரத்தில், குழாயின் அகலம் இவ்வளவு, இரத்தம் இவ்வளவு, நேரம் இவ்வளவு என்று கட்டுப்பாட்டோடு செய்து பார்த்தபோது பத்தில் எட்டுப் பேரைப் பிடித்தது. சோதனை ஒன்றுதான், அதைச் சும்மா இருக்க விடாத கைகள்தான் வேறு.

புடையன் வயலில் கடிக்கும், வலிக்கும், வீங்கும்; ஆள் கத்துவார், ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார். இப்போது 1990க்கு அடித்தால் அம்புலன்சும் வரும். 2018 யூலையில் வடக்குக்கும் வந்த சேவை. எட்டடி விரியன், அதாவது கட்டு விரியன், இன்னொரு சாதி. கடித்தால் எட்டடி வைப்பதற்குள் ஆள் விழுந்துவிடுவார் என்று ஊரில் சொல்வார்கள். எட்டடி நடக்கிற சந்தர்ப்பமே பலருக்குக் கிடைப்பதில்லை. நடுச்சாமத்தில் நிலத்தில் பாய் போட்டுப் படுத்திருக்கிறவரை, நுளம்பு கடித்தது போலக் கடித்துவிட்டுப் போய்விடும். விடியற்காலையில் வயிறு நோகும். இராத்திரிச் சாப்பாடு பிழை என்று ஓமத்தண்ணி கொடுப்பார்கள். பிறகு கண்மடல் விழும், பேச்சுக் குழறும், மூச்சு அடங்கும். இதற்கு விஷமுறிவு மருந்தை ஏற்றினால் இரத்தத்தில் மிதக்கிற விஷத்தை அது கட்டிப்பிடிப்பது உண்மை. ஆனால் நரம்பு முனையைக் கெடுத்து முடித்த விஷத்தை அதால் ஒன்றும் செய்ய முடியாது என்று இலங்கையிலேயே பார்த்து எழுதியிருக்கிறார்கள். நரம்பு தானாகத் தளிர்க்கும் வரை நாட்கணக்கில் இயந்திரம் மூச்சு விட வேண்டும். இயந்திரம் இல்லாத இடத்தில் சொந்தக்காரர் முறை வைத்துக் கையால் காற்றுப் பையை அமுக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆக, இந்தப் பாம்பு விஷயத்தில் கடிக்கு முன்னால் செய்கிற வைத்தியம்தான் வைத்தியம். அதற்கும் ஆராய்ச்சி உண்டு. நேபாளத்தின் தென்கிழக்கில் பாம்பு கடித்தவர்களையும் கடிக்காத அவர்களுடைய அயலாரையும் ஒப்பிட்டு 2007இல் ஒரு கட்டுரை போட்டார்கள். என்ன ஓரவஞ்சனையோ, பாம்பு ஒரு கூட்டத்தை மட்டும் அநேகமாகத் தொடவே இல்லை. நுளம்பு வலையைப் பாய்க்குக் கீழே செருகிவிட்டுப் படுத்தவர்கள். ஆர்சனிக் இல்லை, குதிரை இல்லை, குலுக்கல் இல்லை. நாலு மூலைக்கும் கயிறு கட்டின ஒரு துணி.

வன்னியில் நுளம்பு வலைக்குப் பஞ்சம் இல்லை. மலேரியாக் காலத்தில் வீட்டுக்கு வீடு தந்துவிட்டுப் போனார்கள். மலேரியாவும் ஒழிந்தது, 2016 செப்டெம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழே கொடுத்துவிட்டது. இனி எந்த நுளம்புக்குப் பயந்து வலைக்குள் படுப்பது? வலையைக் கழற்றி, கோழி கிண்டாமல் இருக்க மிளகாய்க் கன்றுகளைச் சுற்றிக் கட்டியாயிற்று. கன்றுகள் பாம்புக்கடி எதுவுமில்லாமல் நன்றாக வளருகின்றன.